எந்தத் தெரியல?

செப்டம்பர் 3, புதன்

இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னிக்க வேண்டும். பாதி ராத்திரியில் கண் முழிக்காதே என்று நீங்கள் சொல்லிவிட்டுப் போனதை மறக்கவில்லை. ஆனால் பாலம் கட்டுகிற இடத்தில் போன் எடுக்காது, நடந்ததை எல்லாம் எழுதி வை, ஆபீஸ் ஜீப் வரும்போது கொடுத்தனுப்பு என்று இந்த நோட்டை வாங்கிக் கொடுத்ததும் நீங்கள்தான். உங்கள் செல்ல மகள் பட்டாணி தூங்கினால்தானே எனக்குக் கை ஒழிகிறது!

இன்று வகுப்பு மிஸ் வரச் சொல்லியிருந்தார். போர்டில் இருப்பதை எழுதச் சொன்னால் பட்டாணி சும்மா உட்கார்ந்திருக்கிறாளாம். எழுத்தைக் காட்டிக் கேட்டால் "தெரியல". படத்தைக் காட்டிக் கேட்டாலும் "தெரியல".

"பிள்ளை கொஞ்சம் ஸ்லோவா இருக்காம்மா. அடுத்த வருஷமும் இதே வகுப்புல இருக்கட்டுமே. அதுக்கு முன்னாடி மனவளர்ச்சி பாக்குற டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க."

தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 4

எழுத்து அட்டை ஒன்று வாங்கி வந்து கூடத்துச் சுவரில் ஒட்டினேன். வேலையைப் பார்த்துக்கொண்டே சொல்லிக் கொடுக்கலாம் என்று. அவளைச் சோபாவில் உட்கார வைத்து, கரண்டியால் தொட்டுத் தொட்டுக் கேட்டேன்.

"இது என்ன?"

"தெரியல."

"இது?"

"தெரியலம்மா."

நேற்று மடியில் உட்கார்ந்து புத்தகத்தில் இதே எழுத்தை டாண் டாண் என்று சொன்னவள்! அடுப்படி வாசலில் நின்று கண்ணை உருட்டி முறைத்தேன். சிரிக்கிறாள். என்ன நெஞ்சழுத்தம்! கத்திவிட்டேன். என்னென்ன சொன்னேன் என்று எழுதக் கை வரவில்லை.

சத்தம் கேட்டு உங்கள் தங்கை மாடியிலிருந்து இறங்கி வந்தாள். "விடுங்க அண்ணி. எங்க அண்ணனும் சின்ன வயசுல இப்படித்தான். எதைக் கேட்டாலும் தெரியலன்னுதான் சொல்லும்."

சமாதானத்துக்குச் சொன்னாளா, குத்திக் காட்டினாளா? எப்படியோ, பொய் இல்லை. நீங்கள் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் "உங்க பஸ் எதுங்க?" என்று கேட்டதற்கு என்ன சொன்னீர்கள்? "தெரியல, நீயே பாரு." பிள்ளை உங்களை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள்.

செப்டம்பர் 6

வயிற்றில் இருந்தபோது எனக்குக் காய்ச்சல் வந்ததே, அதனாலா? கட்டிலிலிருந்து ஒரு தரம் விழுந்தாளே, அதனாலா? யாரைக் கேட்பது...

செப்டம்பர் 9

மிஸ் சொன்ன மனவளர்ச்சி டாக்டரிடம் நேரம் கேட்டுப் போன் செய்தேன். முதலில் காதும் கண்ணும் பார்த்துவிட்டு வரவேண்டுமாம், எல்லாரையும் அப்படித்தான் அனுப்புவார்களாம். காது இன்றைக்கே ஆயிற்று. பின்னால் நின்று நர்ஸ் ரகசியமாக "சாக்லேட்" என்றார். பட்டாணி திரும்பிக் கையை நீட்டினாள். கண்ணுக்கு நாளை, கடைத்தெருவில் செருப்புக் கடையை ஒட்டி இருக்கிற கண்ணாடிக் கடை. ஒரு சம்பிரதாயம்தானே, போய்விட்டு வருவோம்.

செப்டம்பர் 10, புதன்

எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. (இந்தச் சொல்லை எழுதினாலே இப்போது சிரிப்பு வருகிறது. அழுகையும்.)

ஒடுக்கமான கடை. முன்னால் கண்ணாடிச் சட்டங்கள், பின்னால் திரை போட்ட இருட்டு அறை. கண் பார்க்கிற அம்மா பட்டாணியைக் கண்டதும், "வாங்க மேடம், உக்காருங்க. எத்தனை பசங்க உங்களுக்கு?" என்றார். "ரெண்டு பொம்மை," என்று இவள் கௌரவமாகச் சொன்னாள்.

எதிர்ச் சுவரில் விளக்குப் பெட்டி, அதில் படங்கள்.

"மேடம், அது என்ன?"

"தெரியல."

"அதுக்கு மேல பெருசா ஒண்ணு இருக்கே, அது?"

"தெரியல."

ஒரு வாத்தைக் கூடவா தெரியாது? மானத்தை வாங்குகிறாளே என்று நானே குறுக்கே விழுந்தேன். "அவளுக்குத் தெரியுங்க. வேணும்னே சொல்ல மாட்டேங்கிறா."

அவர் என் பக்கம் திரும்பினார். "கண்ணு சரியாத் தெரியலன்னு வீட்டுல எப்பவாவது சொல்லியிருக்காளா?"

"ஒரு நாளும் சொன்னதில்லைங்க. கண்ணுல ஒண்ணும் இல்ல, படிப்புதான் பிரச்சனை. எதைக் காட்டிக் கேட்டாலும் தெரியல, தெரியலன்னு—"

வாய் அப்படியே நின்றுவிட்டது.

பெரிய நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டிருந்த பட்டாணிதான் பேசினாள்.

"நான் சொன்னேனே."

சொன்னாள். எத்தனை மாதமாகச் சொல்லியிருக்கிறாளோ! கண்ணுக்குப் படவில்லை என்றாலும் தெரியல, மண்டையில் இல்லை என்றாலும் தெரியல. அவள் ஒன்றைச் சொல்ல, நான் மற்றதையே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். மிஸ்ஸும் அதைத்தான் கேட்டிருக்கிறார்.

கனமான வட்டச் சட்டம் ஒன்றை அவள் மூக்கில் மாட்டி, அந்த அம்மா கண்ணாடி வில்லைகளை ஒவ்வொன்றாகச் சொருகினார்.

"இப்போ, மேடம்?"

"ம்ஹூம்."

"இப்போ?"

"ஏதோ... குண்டா."

"இப்போ?"

"வாத்து!"

அப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை. குடை, வீடு, சாவி, மீன். கேட்காததை எல்லாம் சொன்னாள். பிறகு அந்தச் சட்டத்தோடு தலையைத் திருப்பி, கதவோரம் நின்ற என்னைப் பார்த்தாள். "ஏம்மா மூஞ்சிய அப்படி வச்சிருக்க?"

அன்றைக்கு அடுப்படியில் நின்று முறைத்தேனே, அவளுக்கு என் முகமே புகை மூட்டமாக இருந்திருக்கும். அம்மா நிற்கிறாள் என்று மட்டும் கண்டு சிரித்திருக்கிறாள். நான் அதற்கு வைத்த பெயர் நெஞ்சழுத்தம்.

"பக்கத்துல இருக்கறது நல்லாத் தெரியுது. தூரம்தான் மங்கல்," என்றார் அந்த அம்மா. "வீட்டுல வேற யாருக்காவது கண்ணாடி உண்டா? அப்பாவுக்கு?"

"யாருக்கும் இல்லைங்க."

வயசுக்குப் பவர் கொஞ்சம் அதிகமாம். கண் டாக்டரிடம் சொட்டு மருந்து விட்டு ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தால்தான் கண்ணாடி செய்யக் கொடுப்பேன் என்றார்.

செப்டம்பர் 11

நேற்றைய சந்தோஷம் பாதி போய்விட்டது. சொட்டு மருந்து எதற்கு? உள்ளே வேறு ஏதாவது இருக்குமோ? அந்த அம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரித்துக்கொண்டு சொன்னால் நல்ல செய்திதானே?

செப்டம்பர் 13

"உள்ளே எல்லாம் நல்லா இருக்கு. வெறும் பவர்தான். கண்ணாடி போட்டாப் போதும்."

டாக்டர் வாயிலிருந்து வந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன். மனசு கலங்கும்போது எடுத்துப் படிக்க. திரும்பும் வழியெல்லாம் பட்டாணி சொட்டு மருந்தால் கூசிய கண்ணை வெயிலுக்குச் சுருக்கிக்கொண்டு என் துப்பட்டாவுக்குள் தலையை விட்டபடி வந்தாள். அந்தப் பாரத்தை இழுத்துக்கொண்டு நடந்தது எனக்கு ஒன்றுமே இல்லை.

செப்டம்பர் 14

உங்கள் தங்கைக்குச் செய்தி எட்டிவிட்டது. "இத்துனூண்டு பிள்ளைக்குச் சோடாபுட்டியா! பொம்பளப் பிள்ளை அண்ணி, நாளைக்கு யோசிச்சீங்களா?"

"நாளைக்கு வர்றவன் முதல்ல இவ கண்ணுக்குத் தெரியணும் இல்லையா?" என்றேன். எனக்கே ஆச்சரியம், எங்கிருந்து வந்தது இவ்வளவு வாய்?

செப்டம்பர் 19

கண்ணாடி வந்துவிட்டது. நீலச் சட்டம், அவளே தேர்ந்தெடுத்தது. அந்த அம்மா காதில் மாட்டுகிற காம்பைச் சூடு காட்டி வளைத்து, காதுக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்து, மறுபடி வளைத்து, "ஓடுங்க மேடம்," என்றார். கடைக்குள் நாலு தரம் ஓடினாள். கண்ணாடி விழவில்லை.

வீட்டு வாசலில் நின்று மாடியை அண்ணாந்து பார்த்தாள். உங்கள் தங்கை பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"அத்தை! வாயில என்ன?"

"ஒண்ணும் இல்லையே செல்லம்."

"மிட்டாய்! சிவப்பு!"

சர்க்கரை ஏறிவிட்டது, இனிப்பைத் தொடுவதே இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் படக்கென்று உள்ளே போய்விட்டாள். படிக்கட்டிலேயே உட்கார்ந்து சிரித்தேன். எத்தனை நாளாயிற்று!

செப்டம்பர் 24

மிஸ் பட்டாணியை முன் வரிசைக்கு மாற்றியிருக்கிறார். போர்டில் இருந்ததை எல்லாம் எழுதிக் காட்டினாளாம். "எனக்கும் தோணலையேம்மா," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அதே வகுப்பில் உட்கார வைக்கிற பேச்சு இனி இல்லை. மனவளர்ச்சி டாக்டரிடம் வாங்கிய நேரத்தையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் கூட்டல் கேட்டேன். "தெரியல" என்றாள். எனக்குத் திக்கென்றது. "எந்தத் தெரியல?"

அவள் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுப் பொறுமையாக விளக்கினாள். "இது அந்தத் தெரியல இல்லம்மா. இது நிஜமாவே தெரியல."

செப்டம்பர் 27, சனி

காலையில் ஜீப் வருகிறது என்று உங்கள் ஆபீசில் சொன்னார்கள். கொடுப்பதற்கு முன் முதலிலிருந்து ஒரு தடவை படித்துப் பார்த்தேன். நாலாம் தேதியைத் தாண்ட முடியவில்லை.

எங்க அண்ணனும் இப்படித்தான். தெரியல, நீயே பாரு. ஒரு நாள் கடைத்தெருவில் எதிர்ப் பக்கம் நின்று கையைக் கையை ஆட்டினேன், கண்டுகொள்ளாமல் போனீர்களே. அதற்காக இரண்டு நாள் பேசாமல் இருந்தேனே! கணக்கு நோட்டில் ஒரு புள்ளி தப்பாத மனுஷர்தான். அது பக்கத்தில் இருப்பது. நானோ அந்த அம்மாவிடம் "யாருக்கும் இல்லைங்க" என்று எவ்வளவு தைரியமாகச் சொல்லியிருக்கிறேன்!

ஒன்று செய்யுங்கள். அங்கே நீங்கள் தங்கியிருக்கும் கொட்டகை வாசலில் நின்று, அக்கரையில் நட்டிருக்கும் போர்டைப் படித்துப் பாருங்கள். பக்கத்தில் நிற்பவரையும் படிக்கச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரியல என்றால், எந்தத் தெரியல என்று தெளிவாக எழுதி இதே ஜீப்பில் கொடுத்தனுப்புங்கள். பட்டாணி உங்களுக்கும் நீலச் சட்டம் பார்த்து வைத்துவிட்டாள்.

சீக்கிரம் பதில் போடுங்கள்.