தட்டை எடுத்தவள்

ஜனவரி 29, திங்கள்

வெள்ளிக்கிழமை பொரித்த மீன் திங்கள்வரை என் தலைமுடியில் குடியிருக்கிறது. இரண்டு தடவை குளித்தாயிற்று. போகவில்லை.

தேர்வில் தேறி, சட்டப்படி நான் நர்ஸாகிப் பதினோரு நாள். இன்னும் வெண்டலின் உணவகத்தில் தட்டுத்தான் தூக்குகிறேன். மில்வாக்கியில் எந்த ஆஸ்பத்திரியைக் கேட்டாலும் "ஒரு வருட அனுபவம் உண்டா?" வேலை கொடுத்தால்தானே அனுபவம்? கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும்.

திறந்திருப்பது ஒரே கதவு. ஏரிக்கரைப் பெரிய ஆஸ்பத்திரியின் ஓராண்டுப் பயிற்சிப் பணி. புது நர்ஸுகளுக்கு மட்டும். வியாழன் காலை எட்டு மணிக்கு விண்ணப்பம் திறக்கிறது. எனக்கு இதயப் பிரிவு வேண்டும். வேறெதுவும் வேண்டாம்.

பிப்ரவரி 1, வியாழன்

8.04க்கு அனுப்பிவிட்டேன். கூடப் படித்த ஷனீஸ், குழந்தைகள் பிரிவுக்கு, 8.03க்கு. அதற்குள் போன்: "உன்னைவிட ஒரு நிமிஷம் சீனியர்டி நான். மரியாதையா பேசு."

'உங்களை ஏன் எடுக்க வேண்டும்?' என்ற கேள்விக்கு மற்றவர்கள் சேவை, கருணை என்று எழுதியிருப்பார்கள். நான் உணவகத்தை எழுதினேன். எட்டு வருடம், ஒரே நேரத்தில் ஏழு மேஜை. யாருக்கு வேர்க்கடலை ஆகாது, யார் பசியில் கத்துகிறார், யார் துக்கத்தில் கத்துகிறார் — பார்த்த மாத்திரத்தில் சொல்லுவேன். இது கருணையைவிடப் பயன்படும் என்பது என் கட்சி.

பிப்ரவரி 14, புதன்

இதயப் பிரிவுக்கு மட்டும் முந்நூற்றுப் பன்னிரண்டு பேராம். இடம் ஆறு. சரி, மீதி ஐந்து பேர் யார் என்று பார்ப்போம்.

பிப்ரவரி 27, செவ்வாய்

அழைத்துவிட்டார்கள்! மார்ச் 7 காலை, பிரிவில் ஒரு நர்ஸின் கூடவே இருந்து பார்க்க வேண்டும். 13ஆம் தேதி நேர்காணல்.

வெண்டலிடம் லீவு கேட்டேன். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம், கறியை விட்டுவிட்டு ஊரே மீன் தின்ன வருகிற நேரம். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் கைகளைப் பார்த்தார். "ஊசி போடற கையாம்மா இது? ஒரே நடையில நாலு தட்டு தூக்கற கை. போயும் போயும் ஆஸ்பத்திரியில வீணாக்கப் போறே." ஆனால் லீவு கொடுத்தார். கிழவருக்கு என்மேல் பிரியம் உண்டு, சொல்லத்தான் வராது.

மார்ச் 7, வியாழன்

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

காலை நன்றாகத்தான் போனது. எனக்கு வாய்த்த நர்ஸ் பெவர்லி ஓஸ்ட், ஐம்பது வயது, வேகநடை. பார்க்க வந்தவர்கள் நோயாளியைத் தொடக் கூடாது என்று என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். பன்னிரண்டாம் அறையில் டிரெஸ்லர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், சர்க்கரை நோயும் உண்டு. நண்பகல் ஆஞ்சியோ, அதனால் கதவில் 'வெறும் வயிறு' பலகை. பெவர்லி சொன்னார், நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

பதினோரு மணி வாக்கில், நோயாளிகளின் இதயத் துடிப்பு ஓடும் திரைகளைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி என்னை அனுப்பினார். கால் மணி நேரம் போயிருப்பேன். திரும்பி வந்தால் டிரெஸ்லர் முன்னால் சாப்பாட்டுத் தட்டு! வறுத்த கோழி, உருளைக்கிழங்கு மசியல். பலகை கதவில் தொங்குகிறது. பெவர்லி அடுத்த அறையில். டிரெஸ்லர் அப்போதுதான் முள்கரண்டியைக் கையில் எடுக்கிறார்.

நோயாளியைத் தொடக் கூடாது, சரி. தட்டு நோயாளியா?

எடுத்தேன்.

"ஏம்மா, ஏம்மா! டாக்டரே சாப்பிடச் சொல்லிட்டாரு!"

எல்லா நோயாளிகளும் இதைத்தான் சொல்வார்கள் என்று படித்திருக்கிறேனே! உணவகத்துச் சிரிப்பைச் சிரித்தேன். "இதோ கேட்டுட்டு வந்துடறேன்" என்றேன். கேட்கவில்லை. தட்டை வெளியே நின்ற சாப்பாட்டு வண்டியில் வைத்தேன், வண்டி போய்விட்டது. ஓர் உயிரைக் காப்பாற்றிய நினைப்பு எனக்கு. நடையே மாறியிருக்கும்.

அரை மணி கழித்து எட்டிப் பார்த்தால் மனிதருக்கு நெற்றியெல்லாம் வியர்வை, கை நடுக்கம். கத்தினேன். பெவர்லி ஓடிவந்து ரத்தச் சர்க்கரை பார்த்தார். ஐம்பத்து நான்கு. எழுபதுக்குக் கீழே இறங்கினாலே ஆபத்து.

விஷயம் இதுதான். நான் திரை பார்க்கப் போயிருந்தபோது ஆஞ்சியோவை நாளைக்குத் தள்ளிவிட்டார்கள். டாக்டர் நிஜமாகவே சாப்பிடச் சொல்லியிருக்கிறார். தட்டு வந்ததும் பெவர்லி இன்சுலின் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போனார். பலகையைக் கழற்றத்தான் மறந்திருக்கிறார்கள். உடம்பில் இன்சுலின், வயிற்றில் ஒன்றுமில்லை.

ஆரஞ்சுச் சாற்றைக் கொடுத்தபடியே பெவர்லி சீறினார்: "சமையல்கட்டுக்காரங்க மறுபடியும் தட்டைத் திருப்பி எடுத்துட்டாங்க பாரு! இன்னிக்கு ரிப்போர்ட் எழுதறேன்."

டிரெஸ்லருக்குப் பேசும் தெம்பில்லை. வேறு யாரும் பார்க்கவில்லை. அடுத்த புதன் நேர்காணல். இத்தனையும் ஒரே நொடியில் மனதில் ஓடியது என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

"சமையல்கட்டு இல்லைங்க. நான்தான் எடுத்தேன்."

பெவர்லி என்னைப் பார்த்தார். கால் மணியில் சர்க்கரை தொண்ணூற்றொன்றுக்கு ஏறியது. டிரெஸ்லர் வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி, "கோழி திரும்ப வருமா?"

வந்தது. நான் கொண்டு போகவில்லை.

ஏன் கேட்கல? 'பெவர்லி, இவர் சாப்பிடலாமா?' அவ்வளவுதானே! மூணு வார்த்தை! எல்லாம் தெரிஞ்ச மாதிரி, அப்படியே கையை நீட்டி — சீ.

மார்ச் 8, வெள்ளி

இருநூறு தட்டு தூக்கினேன். ஒவ்வொரு மேஜையிலும் "எடுக்கலாமா?" "எடுக்கலாமா?" வெண்டல் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சலா என்று.

மார்ச் 10, ஞாயிறு

ஷனீஸிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "நேர்காணல்ல நீயா அந்தப் பேச்சை எடுக்காதே. 'நீங்க செஞ்ச தப்பு ஒண்ணு சொல்லுங்க'ன்னு நிச்சயமா கேப்பாங்க. தயார் பண்ணினதையே சொல்லு."

தயார் செய்தது பல் இல்லாத தவறு. கல்லூரியில் ஓர் எண்ணை மாற்றி எழுதி, நானே கண்டுபிடித்து, நானே திருத்தியது. கடைசியில் நான்தான் கெட்டிக்காரி என்று முடியும்.

மார்ச் 13, புதன்

மேஜைக்குப் பின்னால் மூன்று நர்ஸுகள். நடுவில் பெவர்லி. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

கேள்வி வந்தது. பல் இல்லாத தவறு நுனி நாக்குவரை வந்துவிட்டது. பெவர்லியைப் பார்த்தேன், விழுங்கிவிட்டேன்.

"போன வியாழக்கிழமை ஒருத்தர் சாப்பாட்டை எடுத்துட்டேன்" என்று தொடங்கி, ஒன்று விடாமல் சொன்னேன். அந்த ஒரு நொடி வாயை மூடிக்கொள்ள நினைத்ததையும் சேர்த்து.

இடப்பக்கம் இருந்த இளைஞர் பெவர்லியைக் காட்டிக் கேட்டார், "பலகையைக் கழட்டாதது இவங்க தப்புதானே?"

"பலகை அவங்களோடது. கை என்னோடதுங்க. எட்டு வருஷமா தட்டைக் கண்டா தானா நீளுற கை. இனிமே வாய் முதல்ல போகும், கை அப்புறம் போகும்."

வலப்பக்கத்து அம்மாள் இருமினார். சிரிப்பை மறைக்கத்தான் என்று நினைக்கிறேன். பெவர்லி ஏதோ எழுதினார்.

வெளியே வந்ததும் ஷனீஸிடமிருந்து போன். விவரம் சொன்னேன். "பைத்தியமாடி உனக்கு?" இருக்கலாம். ஆனால் அந்த அறையில் என்னைவிட நல்ல நர்ஸ் இன்று உட்கார்ந்திருக்க மாட்டாள். இதை இங்கே எழுதுவதில் எனக்கு வெட்கமே இல்லை.

மார்ச் 19, செவ்வாய்

ஷனீஸுக்குக் கிடைத்துவிட்டது. போனில் அழுதாள், நானும் அழுதேன். என்னுடையது பாதி அவளுக்காக.

மார்ச் 21, வியாழன்

ஒன்றுமில்லை.

மார்ச் 22, வெள்ளி

மாலை ஆறரை. வாசல்வரை வரிசை. கையில் நான்கு தட்டு, ஒன்பதாம் மேஜைக்கு. ஏப்ரன் பைக்குள் போன் அடிக்கிறது. ஆஸ்பத்திரியாகத்தான் இருக்க வேண்டும், இன்று வெள்ளி, வாரம் முடிகிறது. நின்று எடுத்திருக்கலாம். ஆனால் பசித்தவர்களின் சாப்பாட்டில் இனி விளையாடுவதில்லை. நான்கு பேர் முன்னாலும் தட்டை வைத்தேன், எலுமிச்சை கேட்டவருக்கு எலுமிச்சை கொண்டு வந்தேன், அப்புறம் குளிர்பதன அறைக்குள் போய் முட்டைக்கோஸ் மூட்டைமேல் உட்கார்ந்து திருப்பி அழைத்தேன்.

ஐந்து நிமிடம் கழித்து வெண்டல் கதவைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வெள்ளிக்கிழமைகள்ல மட்டுமாவது வரக்கூடாதாம்மா?" என்றார்.

ஜூன் 10, திங்கள்

பெரிய கூடம். எல்லாப் பிரிவுக்கும் சேர்த்து நாற்பது புது நர்ஸுகள், எல்லார் கழுத்திலும் அட்டை. என் பக்கத்தில் ஒரு நிமிட சீனியர்.

பத்து மணிக்கு ஒரு பயிற்சியாளர் மேடையேறினார். "இதயப் பிரிவுல ஒரு விதி இருக்கு. தட்டு விதின்னு சொல்வோம். நோயாளியோட நர்ஸைக் கேக்காம தட்டை யாரும் எடுக்கக் கூடாது. பலகையைக் கழட்டினப்புறம்தான் இன்சுலின். இது ஏன் வந்துச்சு தெரியுமா? வசந்த காலத்துல பார்க்க வந்த ஒரு பொண்ணு, நோயாளி வாயிலிருந்தே முள்கரண்டியைப் பிடுங்கிட்டா. மனுஷர் மயங்கி விழுந்துட்டாரு!"

கூடமே ஐயோ என்றது. ஷனீஸ் என் முழங்கையை இறுகப் பிடித்தாள். "வேணாம், கொரீன். வேணாம்டி."

கை தூக்கினேன்.

"முள்கரண்டியை நான் தொடவே இல்லைங்க. மயக்கமும் போடலை. சர்க்கரை ஐம்பத்து நாலு. அப்புறம், நான் எடுத்தது கோழித் தட்டு."

பின்வரிசையில் யாரோ சிரிக்க, கூடமே சிரித்தது. பயிற்சியாளர் தன் ஒலிவாங்கியை என் பக்கம் நீட்டினார். "அப்ப நீங்களே வந்து சொல்லுங்க." போய்ச் சொன்னேன். அந்த ஒரு நொடியையும் சேர்த்து.

மதியம் சாப்பாட்டு அறையில் என் தட்டை வைக்க எழுந்தவள், பழக்கத்தில் ஷனீஸின் தட்டுக்கும் கை நீட்டினேன். அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"கேட்டியாடி?"

கேட்டேன். இன்னும் முடிக்கவில்லையாம். உட்கார்ந்துவிட்டேன்.