ஞாயிற்றுக்கிழமைச் சர்க்கரை

எஸ்த்ரமோஸ், அக்டோபர் 14, செவ்வாய்
விஷயம்: சர்க்கரை அளவு

மதிப்பிற்குரிய நர்ஸ் கிராசியெத்துக்கு,

எனக்குச் சர்க்கரை இறங்கிப் புத்தி தடுமாறியதால்தான் மருமகன் வால்டெமாரை அடித்தேன் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். பாதிரியார் சொல்கிறார், ரொட்டிக்கடைக்காரி சொல்கிறாள், காவலர்களிடம் என் மகள் செலெஸ்தேயே சொல்லியிருக்கிறாள். அது தவறு. ஞாயிறு மதியம் அவன் கன்ன எலும்பை உடைத்தபோது நான் முழுத் தெளிவோடு இருந்தேன். என் கையில் நீங்கள் ஒட்டிய கருவி இரவும் பகலும் உங்களுக்கு அளவு அனுப்பிக்கொண்டுதானே இருக்கிறது? பார்த்துத் திருத்தம் செய்யவும்.

கால் வீக்கம் வடிந்திருக்கிறது. இன்சுலின் போதுமான அளவு இருக்கிறது.

இப்படிக்கு,
லியோனில்டா ஃபால்காவ்

---

அக்டோபர் 15, புதன்

அன்புள்ள டோனா லியோனில்டா,

மருத்துவமனையின் இந்தச் செயலியில் எல்லோரும் ‘மாத்திரை தீர்ந்தது’ என்று இரண்டு சொல் எழுதுவார்கள். நீங்கள் ஒருவர்தான் கடிதம் எழுதுகிறீர்கள். அதைப் படிக்கவே காலையில் முதலில் இதைத் திறப்பேன். இன்று திறந்து அரண்டுபோனேன்.

நான் சொல்வதைக் கேளுங்கள். ஞாயிறுதோறும் உங்கள் சர்க்கரை ஏறுகிறது. இனிப்பைக் குறையுங்கள் என்று எத்தனை முறை எழுதியிருப்பேன்! நீங்கள் கேட்காததால் ஞாயிறு ஊசியைக் கூட்டினோம். அது அன்று அதிகமாகிச் சர்க்கரை இறங்கியிருக்கலாம். கருவியும் சில நேரம் பிந்திக் காட்டும். உங்கள் வக்கீல் என்னிடம் ஒரு குறிப்பு கேட்டிருக்கிறார். ‘இறங்கியிருக்கலாம்’ என்று ஒரு வரி எழுதினால் வழக்கு அதோடு முடிந்துவிடும். இந்த வயதில் நீதிமன்றப் படி ஏற வேண்டுமா அம்மா?

அன்புடன்,
கிராசியெத்

---

அக்டோபர் 15, புதன், மாலை
விஷயம்: சர்க்கரை அளவு

நர்ஸ் கிராசியெத்துக்கு,

கணவர் இறந்த நாளிலிருந்து நான் இனிப்பைத் தொட்டதில்லை. அதை முன்பே எழுதினேன். நீங்கள் நம்பவில்லை. ஞாயிறு என் வீட்டில் சாப்பிட வருபவன் வால்டெமார். அவன் கார் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே என் சர்க்கரை ஏறும். நீங்கள் அதற்கு ஊசியைக் கூட்டினீர்கள்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பூண்டும் கொத்தமல்லியும் இடித்து, ரொட்டியை ஊறவைத்து அசோர்தா என்னும் சூப் செய்திருந்தேன். பித்தளைக் கையுலக்கை சிறிய உரலோடு மேசையிலேயே இருந்தது. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கரண்டியைப் போட்டான்.

“ஏண்டி, ஆறிப்போச்சு. உங்கம்மா படிச்ச கன்னியர் மடத்துல ஜெபம் மட்டும்தான் சொல்லிக் குடுத்தாங்களா?”

“சூடு பண்ணித் தரேங்க,” என்று செலெஸ்தே எழுந்தாள். எழுந்தவளைக் காதோடு சேர்த்து அறைந்தான். காதிலிருந்து ரத்தம் கழுத்தில் இறங்கியது. அவள் அழவில்லை. மேசைவிரிப்பில் ரத்தம் படாமல் கையை ஏந்திக்கொண்டாள். பழகிய கை அது.

“விடுடா அவளை,” என்றேன்.

“என்ன கிழவி, கையில இருக்கற மிஷின் கத்துதா? போய் ஊசி போட்டுட்டுப் படு,” என்று சிரித்தான். சிரித்துக்கொண்டே அவள் முடியைப் பிடித்து, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பானைக்கு நேராக முகத்தைக் கொண்டுபோனான்.

உலக்கையை எடுத்தேன். முதல் அடி கன்னத்தில். எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. முடியை விடவில்லை. இரண்டாவது அடி வாயில். இரண்டு பற்கள் அவன் கிண்ணத்திலேயே விழுந்தன. விட்டான். பிறகு நான் அடிக்கவில்லை. உலக்கையைக் கழுவி வைத்தேன். புத்தி தடுமாறியவள் கழுவி வைப்பாளா?

அப்போது மணி ஒன்றரை. போனில் கருவியின் அளவு நூற்று எழுபத்தொன்று காட்டியது. எழுபதுக்குக் கீழே போனால்தானே இறக்கம்?

லியோனில்டா ஃபால்காவ்

---

அக்டோபர் 16, வியாழன்

அன்புள்ள டோனா லியோனில்டா,

பார்த்தேன். நீங்கள் சொன்ன அளவுதான். ஊசியைக் கூட்டியது என் கை. என்னை மன்னியுங்கள்.

ஆனால் நேற்று செலெஸ்தே இங்கே வந்தாள். காதை மறைத்துத் துணி கட்டியிருந்தாள். “அம்மாவுக்குச் சுகர் இறங்கிடுச்சுன்னு எழுதிக் குடுத்துடுங்கக்கா. இல்லன்னா போலீஸ்காரங்க ஏன் அடிச்சாங்கன்னு என்னைத்தான் கேப்பாங்க. நான் என்னத்தச் சொல்ல? அவரு ஆஸ்பத்திரியிலேந்து வந்ததும் என்னைக் கொன்னே போடுவாரு” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். உண்மையை எழுதினால் உங்களுக்குச் சிறை. எழுதாவிட்டால் நீங்கள் வீட்டில் இருப்பீர்கள், அவளும் அதைத்தான் கேட்கிறாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

கிராசியெத்

---

அக்டோபர் 17, வெள்ளி
விஷயம்: சர்க்கரை அளவு

என் அன்புள்ள கிராசியெத்துக்கு,

உங்களை மன்னிக்க ஒன்றுமில்லை. ஞாயிறுதோறும் ஏறுவதையாவது நீங்கள் கவனித்தீர்கள். இந்த ஊரில் வேறு யாரும் அதைக்கூடக் கவனிக்கவில்லை.

வால்டெமார் நாளை வீட்டுக்கு வருகிறான். நோயாளி மாமியாரை மன்னித்துவிட்டதாகப் பார்ப்பவரிடமெல்லாம் சொல்கிறானாம். ஞாயிறு மதியம் சாப்பிட வருகிறார்களாம். செலெஸ்தே போன் செய்து, “அந்த உலக்கையை எங்கயாவது ஒளிச்சு வச்சிடும்மா,” என்றாள். ஒளித்து வைக்கவில்லை. துலக்கி உரலிலேயே வைத்திருக்கிறேன்.

அவள் பயந்தவள், அதனால் அப்படிக் கேட்கிறாள். நீங்கள் யோசித்துப் பாருங்கள். என் சர்க்கரைதான் அடித்தது என்று எழுதினால், நான் ஏன் அடித்தேன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அவள் காதை யாரும் பார்க்க மாட்டார்கள். அவன் அவளை வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்துவான். தெளிந்த புத்தியோடு ஒருத்தி அடித்தாள் என்று எழுத்தில் இருந்தால்தான் ஏன் அடித்தாள் என்று கேட்டுக் காவலர் அந்தக் கதவைத் தட்டுவார்கள். சிறையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அங்கேயும் இன்சுலின் கொடுப்பார்கள் என்று விசாரித்துவிட்டேன்.

நான் சொன்னால் காவலர்கள் நம்ப மாட்டார்கள். தடுமாறிய கிழவி என்பார்கள். நீங்கள் கையெழுத்திட்டால் நம்புவார்கள். அப்படி ஒன்று கையில் இல்லாமல் ஞாயிறு வந்தால், உலக்கை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

அக்டோபர் 12, ஞாயிறு, மதியம் ஒன்றரை மணிக்கு என் சர்க்கரை எவ்வளவு இருந்தது என்று எழுதி, கையெழுத்திட்டு, நாளைக்குள் எனக்குப் பதில் அனுப்புங்கள்.

லியோனில்டா ஃபால்காவ்