கயிறு நம்மூட்டுக்குத்தான் வரும்

ஏனுங்க, செவலையை விற்றுவிட்டேன். நேற்று வேலந்தாவளம் சந்தையில். கை இன்னும் மணக்கிறது. சாணமும் கோமியமும் அதன் கழுத்து வியர்வையும் ஊறிய கயிற்று வாசம், சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. மறுபடி கழுவ எனக்கு மனசும் இல்லை.

வாங்கியவன் பொள்ளாச்சிப் பக்கத்துப் பையன். புதுக் கயிறு கொண்டுவர மறந்துவிட்டு, "இதோடயே ஓட்டிக்கறனுங்கம்மா, ஊட்டுக்குப் போயி மாத்திக்கறேன்" என்றான். வந்ததே எனக்குக் கோபம். "மாட்டத்தான் உனக்கு வித்தேன், கயித்தையுமா வித்தேன்? போய்க் கடைல வாங்கிட்டு வா!" என்று சந்தையே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அவன் பச்சை நைலான் கயிறு வாங்கி வரும்வரை செவலையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றேன். மாடு போனாலும் கயிறு வீட்டோடு இருக்க வேண்டும், லட்சுமி கூடவே போய்விடக் கூடாது என்று நம் ஆட்கள் சொல்வார்கள். நீங்கள் அதையே வேறு மாதிரி சொன்னவர். பஸ்ஸில் கயிறு மடியில் கிடக்க, வழியெல்லாம் நீங்கள் சொன்னதுதான் காதில் கேட்டது.

கோகிலாவைக் கொன்றவனுக்குப் பாலக்காட்டுக் கோர்ட்டில் தூக்கு என்று தீர்ப்பு வந்த அன்றைக்குச் சொன்னீர்கள். நமக்கு அவள் ஒரே பெண். கட்டிக்க மாட்டேன் என்று சொன்ன ஒரு சொல்லுக்காக, காலேஜ் பஸ்ஸுக்கு நின்றவளைக் குத்திப் போட்டான். பால் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தவன். நம் வாசலில் நின்று என் கையால் டீ வாங்கிக் குடித்தவன். அன்றைக்கு நல்லேப்பிள்ளி முக்கில் பட்டாசு வெடித்தார்கள். லட்டு கொண்டுவந்து என் வாயில் ஊட்டினார்கள். தின்றேன். இனித்தது. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, நன்றாகவே இனித்தது. நீங்கள் மட்டும் கோர்ட்டுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு மாட்டுக் கொட்டகைக்குள் போய்விட்டீர்கள்.

பின்னாலேயே வந்து கேட்டேன், "ஏனுங்க, உங்களுக்குச் சந்தோசமில்லீங்களா?"

"மாட்ட வித்தா கயிறு ஆரு ஊட்டுக்கு வரும் புள்ள?" என்றீர்கள்.

"வித்தவிய ஊட்டுக்கு. இது என்ன கேள்வி?"

"அவனத் தூக்குல போட்டா அவன் போயிருவான். கயிறு நம்மூட்டுக்குத்தான் வரும். நம்ம பொண்ணு பேரச் சொல்லித்தான போடறாங்க?"

"அவ போட்டோவுக்கு நான் பூ வெக்கறேன், அவன் ஜெயில்ல மூணு வேளையும் சோறு திங்கறான். நீங்கெல்லாம் பெத்த தகப்பனா?" என்று கேட்டேன். தொட்டித் தண்ணீரில் தவிட்டைக் கலக்கிக்கொண்டே இருந்துவிட்டு, "போட்ட மறுநா வெடியால எந்திரிச்சு நீ என்ன பண்ணுவ? அதச் சொல்லு பாக்கலாம்" என்றீர்கள்.

அப்புறம் நம் வீட்டில் ஓயாமல் அதே சண்டைதான். அடுப்படியிலும் சண்டை, வரப்பிலும் சண்டை. இப்படி ஒருத்தனை விட்டு வைத்தால் அடுத்தவனுக்கு என்ன பயம் இருக்கும் என்பேன். "தூக்கு இருக்கற நாட்டுலதான அவன் கத்தி எடுத்தான்? பயந்தானா?" என்பீர்கள். பாத்திரத்தை டொம்மென்று வைப்பேன். பெண்ணைச் சாகக் கொடுத்துவிட்டு இதுகள் எப்படிக் கத்திக்கொள்கின்றன பார் என்று அக்கம்பக்கத்தில் பேசினார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? நமக்கு வலிக்கும் என்று நினைத்து அவள் பேரையே எடுக்காமல் விட்டவர்கள் அவர்கள். அந்தச் சண்டையில்தான் நாம் இரண்டு பேரும் கோகிலா, கோகிலா என்று வாய் நிறையச் சொன்னோம்.

போன ஆடியில் கொட்டகையிலேயே சாய்ந்த நீங்கள் எழுந்திருக்கவே இல்லை. அதோடு வீட்டில் சத்தம் நின்றது.

இப்போது மேல் கோர்ட்டில் தூக்கை ஜீவபரியந்தமாக மாற்றிவிட்டார்கள். சாகும்வரை ஜெயில்தான். விஷயம் தெரிந்து ஊரே வாசலில் வந்து கொதித்தது. நம் வக்கீல் போன் பண்ணி, "உடக் கூடாதுங்கம்மா, டெல்லி வரைக்கும் போலாம். பெத்தவிய நீங்க சேந்தீங்கன்னா கேசுக்கு பலம். யோசிச்சு வெய்ங்க, மறுபடி கூப்பிடறேன்" என்றார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று அப்போதே கத்தியிருக்க வேண்டியவள் நான். கத்தவில்லை.

மனசு மாறிவிட்டதாக நினைக்காதீர்கள். அவன் சாக வேண்டும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். விளக்குப் பொருத்தி நின்றால்கூட அதுதான் வாயில் வருகிறது. ஆனால் நீங்கள் இருந்தவரை நான் பலம் கொண்ட மட்டும் இழுத்தேன் என்றால், மறுமுனையை நீங்கள் பிடித்திருந்தீர்கள். பிடித்தவர் விட்டுவிட்டால் இழுத்தவள்தானே மல்லாக்க விழ வேண்டும்? இந்த ஒரு வருஷமாக இரண்டு பேர் பேச்சையும் நானேதான் பேசினேன். பால் கறந்துகொண்டே செவலையிடம் உங்களை மாதிரி பேசி, என்னை மாதிரி பதில் சொல்வேன். முட்டி வலி தாங்காமல் அதையும் விற்றாயிற்று.

நேற்று வந்து, உங்கள் துண்டு மாட்டும் ஆணியில் கயிற்றை மாட்டினேன். காலி கொட்டகை. அந்தக் கயிற்றில் கட்ட இனி ஒரு கன்றுக்குட்டி கூட இல்லை. இன்றைக்கு விடிகாலையில் பழக்கத்தில் எழுந்து, சொம்பைக் கழுவிக்கொண்டு கொட்டகை வரை போய்விட்டேன். ஆணியில் கயிறு மட்டும் இருந்தது. மறுநாள் வெடியால என்ன பண்ணுவாய் என்று நீங்கள் கேட்டீர்களே, இதைத்தான் பண்ணுவேன் போலிருக்கிறது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

மத்தியானம் வக்கீல் கூப்பிட்டார். "வேண்டாங்க" என்றேன்.

"அவன மன்னிச்சுட்டீங்களாம்மா?"

"மன்னிக்கறதா! அவன் நாசமாப் போவட்டும். அந்தக் கயிறு ஊட்டுக்கு வந்தா, வெச்சுப் பாத்துட்டு உக்கார நான் ஒருத்திதானுங்க இருக்கறேன்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. சரிங்கம்மா என்று போனை வைத்துவிட்டார்.

ஜெயித்துவிட்டோம் என்று நீங்கள் அங்கே மீசையைத் தடவிக்கொண்டிருக்க வேண்டாம். நான் வந்ததும் மிச்சச் சண்டை இருக்கிறது. அதுவரை இந்த வீட்டில் கோகிலா என்று நான் ஒருத்தி மட்டும்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.