வேலிக்கு வெளியே வைத்த கல்

என் ஆசை மச்சாள் ஜெசிந்தாவுக்கு,

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. நான் இன்னும் உன்னோடு கோபம்தான். ஆனாலும் இதை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வவுனியாவில் நடந்த கோ போட்டிக்கு, பலகையில் கறுப்பும் வெள்ளையுமாய்க் கல் வைத்து இடம் பிடிப்போமே, அந்த விளையாட்டுக்கு, தனியாகப் போனேன்.

"என்ரை மனிசி செத்து வருசம் முடியேல்லை, அதுக்குள்ள உனக்கு விளையாட்டோ?" என்றார் அண்ணா. "ஓம்" என்றேன். முறைத்தார். பிறகு அவரேதான் மாங்குளம் சந்தியில் பஸ் ஏற்றிவிட்டார்.

கைபேசியைப் பார்த்து நாம் இருவரும் கோ பழகிய நாட்களில் என்னை எவ்வளவு பகிடி பண்ணினாய்! போர் முடிந்து மீள்குடியேறி வந்தபோது எங்கள் வீட்டில் கூரைக்கு முன்னமே வேலிதான் அடைத்தோம். பலகையிலும் அதையேதான் செய்தேன். ஒரு மூலையைப் பிடித்துக் கல்லுக்குப் பக்கத்தில் கல்லாக அடைத்துவிட்டு நிமிர்ந்தால், மிச்ச இடமெல்லாம் உன் வெள்ளைக் கற்கள் நிற்கும்.

"எடியே, வேலியடைக்க வந்தனியோ, விளையாட வந்தனியோ? கடலுக்கு ஆரடி வேலி போட்டது?"

முல்லைத்தீவுக் கரையில் பிறந்த திமிர் உனக்கு. ஆனால் நீயும் ஒன்றும் திறமில்லை. கண்டபடி பாய்வாய். பாய்ந்த கற்களை நான் சுற்றி வளைத்துப் பிடித்ததும் "போதும்" என்று எல்லாவற்றையும் அள்ளிவிடுவாய். ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் மருந்தை நிறுத்தச் சொன்னாய். ஏனடி?

போட்டியில் பள்ளிக்கூட ரீச்சரான எனக்கு எதிரே ஒரு வங்கி உத்தியோகத்தர். என் கை வழக்கம்போல மூலைக்குத்தான் போனது. பின்னுக்கு இழுத்து, அவர் பிடித்து வைத்திருந்த பெரிய இடத்துக்குள் கல்லை வைத்தேன். உன் பாய்ச்சல்தான். சுற்றி வளைத்துவிட்டார்.

"ரீச்சர், விடுங்கோ. இனி அதைக் காப்பாத்தேலாது."

"நீங்கள் வையுங்கோ" என்றேன்.

அதற்குப் பிறகு என் பயந்த புத்திதான் கைகொடுத்தது. அவசரப்படாமல், அந்த முற்றுகைக்குள்ளேயே ஒரு சின்ன வெற்றிடத்தைச் சுற்றி என் கற்களால் வேலியடைத்தேன். பக்கத்தில் இன்னொன்று. தனித்தனியாக இரண்டு வெற்றிடம் இருந்தால் அந்தக் கற்களை எவராலும் தூக்க முடியாது. உனக்குத் தெரியாததா? ஒருநாளாவது அவ்வளவு நேரம் இருந்து பார்த்தாயா?

ஆட்டத்தில் தோற்றேன். கைவிட்ட மூலைகளையெல்லாம் அவர் எடுத்துக்கொண்டார். ஆனால் அவருடைய இடத்தின் நடுவில் என் கறுப்புக் கற்கள் கடைசிவரை உயிரோடு நின்றன.

அடுத்த போட்டிக்கும் பெயர் கொடுத்துவிட்டேன். இனி வேலியும் அடைப்பேன், வெளியிலும் பாய்வேன். தோற்றாலும் ஆட்டம் முடியும்வரை கதிரையில் இருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், உன்னைப்போல நடுவில் எழும்பிப் போகமாட்டேன்.

உன் மச்சாள்,
குமுதா