நடு மேசை

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் சமையலறையில் தனியாகத்தான் சாப்பிட்டேன். இவருடைய அலுவலக நண்பர் வந்திருந்தார். "நீ அப்புறமா நிதானமா சாப்பிடு" என்றார் இவர். போன வருடம் என் தாடையில் பாதியை எடுத்தார்கள். புற்று போய்விட்டது. வாயின் இடப்பக்கம் மட்டும் சரியாக மூடாது. சாப்பிடுவதில் கொஞ்சம் வழியும். அவ்வளவுதான். அந்த 'நிதானமா' எனக்காகச் சொன்னதல்ல என்று எனக்குத் தெரியாதா?

மார்ச் 5, வியாழன்

கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க முகக்கவசம். கண் சோதிக்க வருகிறவர்களுக்கு நான் இரண்டு கண்ணும் ஒரு குரலும்தான். "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" இதையே சொல்லிச் சொல்லித்தான் பேச்சைத் திரும்பப் பிடித்தேன்.

எதிர் வரிசையில் புதிதாக ஒரு கிரியோல் உணவகம், அமெரிக்காவின் தெற்குப் பக்கத்துச் சமையலாம். ஞாயிறு மதியம் ஜாஸ் வாசிப்பார்களாம். இன்று ஒத்திகை கேட்டது. ஒரு ட்ரம்பெட், சண்டைக்கு வருவது போல ஆரம்பித்துக் கெஞ்சலில் போய் முடிந்தது. கையில் லென்ஸோடு அப்படியே நின்றுவிட்டேன்.

மார்ச் 7, சனி

மகளுக்கு இடம் முடிவாகிவிட்டது. அடுத்த மாதம் மாப்பிள்ளையின் அப்பா, அம்மா விருந்துக்கு வருகிறார்கள். பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். இவர் மகளிடம் சொன்னது கேட்டது.

"அம்மாவுக்கு முன்னாடியே குடுத்துடலாம். அவங்க சாப்பிடும்போது அம்மா பரிமாறட்டும். யாருக்கும் சங்கடம் இருக்காது."

மகள் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் சுட்டது. யாருக்குய்யா சங்கடம்? வாய் என்னுது. வழியுறதும் எனக்கு. உங்களுக்கு என்ன வந்துச்சு?

மார்ச் 8, ஞாயிறு

அந்த உணவகத்துக்குப் போய்விட்டேன். தனியாகத்தான்.

வாத்தியக்காரர்களுக்கு நேர் எதிரே, நடு மேசையில் உட்கார வைத்தார்கள். அப்போது முகக்கவசம் போட்டிருந்தேன். இறாலும் வெண்டைக்காயும் போட்ட கெட்டிக் குழம்பு, நடுவில் ஒரு கைப்பிடி சோறு. மெல்லவே வேண்டாம், நாக்கிலேயே கரைகிறது. எனக்கென்றே சமைத்தது போல இருந்தது. முகக்கவசத்தைக் கழற்றிச் சாப்பிட ஆரம்பித்தேன். பக்கத்து மேசைப் பெண்மணி பார்த்தாள். பார்க்காத மாதிரியும் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் மேலாளர் வந்தார்.

"மேடம், உள்ள அமைதியா ஒரு எடம் இருக்கு. உங்களுக்கு வசதியா இருக்கும்."

"எனக்கு இங்கதான் வசதி. பாட்டு இங்கதான நல்லா கேக்குது."

அவருக்குப் புரியவில்லை. குனிந்தார். இன்னொரு தரம் சொன்னேன், இன்னும் சத்தமாக. இந்தத் தடவை எல்லா மேசைக்கும் புரிந்தது. அவர் போய்விட்டார்.

பாட்டு முடிந்ததும் ட்ரம்பெட்காரர் தன் வாத்தியத்தின் அடியில் இருந்த சின்ன விசையை அழுத்தி ஊதினார். குழாய்க்குள் தேங்கிய எச்சில் காலடித் துணியில் சொட்டியது. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. உள்ளே அமைதியான இடம் இருக்கிறது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"என்னம்மா சிரிக்கிறீங்க?"

"உங்களுக்கும் வழியுதே."

"வருஷக்கணக்கா வழியுதும்மா. வீட்டுக்காரி மட்டுந்தான் திட்டுவா."

தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தேன்.

மார்ச் 9, திங்கள்

யாரோ பார்த்து இவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"நாலு பேர் பாக்குற எடத்துல போய் உக்காரணுமா?"

"பாக்கட்டுமே. பாத்தா கண்ணு கெட்டுடாது. கெட்டா எங்க கடைக்கு வரட்டும்."

மார்ச் 12, வியாழன்

இவர் பேசவில்லை. நானும்தான்.

மார்ச் 15, ஞாயிறு

மகளை இழுத்துக்கொண்டு போனேன். அதே மேசை. விருந்து இங்கேதான் என்று சொன்னேன். வீட்டில் வைத்தால் என்னைக் கரண்டியோடு நிற்க வைத்துவிடுவார்கள்.

"அவங்க ஏதாவது நெனச்சா என்னம்மா பண்றது?"

"நெனச்சா இப்பவே தெரிஞ்சுக்கறது நல்லதுடி. கல்யாணத்துக்கு அப்புறம் தெரிஞ்சா என்ன பண்ணுவ?"

பாட்டு நடக்கும்போது அழுதாள். "அன்னிக்கு அப்பா சொன்னப்ப நான் வாயத் திறந்திருக்கணும்மா." இப்போது போய்த் திற என்றேன். சாயங்காலம் அப்பாவிடம் போய், விருந்து அங்கேதான், அம்மாவும் எல்லாரோடும் உட்கார்ந்துதான் சாப்பிடணும் என்று சொன்னாள்.

ஏப்ரல் 4, சனி

"நான் நாளைக்கு விருந்துக்கு வரல" என்றார் இவர். உங்க இஷ்டம் என்றேன். பெரிய தைரியசாலி மாதிரி. குளியலறையில் போய்க் கதவைச் சாத்தி, கண்ணாடி முன்னால் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். வழிந்தது. வழியட்டும்.

ஏப்ரல் 5, ஞாயிறு

இவர் வராமலே ஆரம்பித்தோம். நான் முகக்கவசத்தைக் கழற்றியதும் மாப்பிள்ளையின் அம்மா தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு பாட்டு முடியும் வரைக்கும். அவர் மனதில் என்ன ஓடியது என்று இன்னும் எனக்குத் தெரியாது. மாப்பிள்ளையின் அப்பாதான் கேட்டார்: "ஆபரேஷனாம்மா? வலி எல்லாம் இருக்கா?"

"வலி இல்லீங்க. வழியும், அவ்ளோதான்."

"அப்ப சரி" என்று இறால் பக்கம் போய்விட்டார். மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

இரண்டாவது பாட்டு நடக்கும்போது இவர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. எங்கே உட்காருவது என்று தெரியாமல் கொஞ்சம் நின்றார். நான் கூப்பிடவில்லை. காலியாக இருந்த ஒரு நாற்காலியைத் தானே தூக்கிவந்து என் இடப்பக்கம் போட்டு உட்கார்ந்தார். சம்பந்திகளிடம் தாமதத்துக்கு ஏதோ காரணம் சொன்னார். சாப்பிட்டார். பாதியில் என் பக்கம் திரும்பினார்.

"மோவாயில ஒரு சோத்துப் பருக்கை."

குரலைத் தாழ்த்தவில்லை. யாருக்கு வேண்டுமானாலும் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னார். துடைத்துக்கொண்டு அடுத்த கரண்டி எடுத்தேன்.