முக்கால் விநாடி

ஆகஸ்ட் 4

அன்புள்ள தம்பிக்கு,

எப்படி இருக்கிறாய்? நன்றாகத்தான் இருப்பாய். உடம்பு இளைத்துவிட்டதா? இளைத்திருக்கும், தனிக்கட்டை சமையல் அப்படித்தான். நாலு வருடமாக ஏன் வீட்டுப் பக்கமே வரவில்லை? வேலை. எனக்குத் தெரியாதா?

போனில் பேசலாமே என்றால், "இல்லக்கா, லெட்டராவே எழுது" என்கிறாய். சரியான அழுத்தக்காரன் நீ, சின்ன வயதிலிருந்தே.

நீ வேலை பார்க்கும் கல்வி ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து எங்கள் பல்கலைக்கழகத்துக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. ஆசிரியர்கள் தங்கள் வகுப்பைத் தாங்களே ஆராயலாம், நாங்கள் கூட இருந்து உதவுகிறோம் என்று. இருபத்திரண்டு வருடமாகப் புள்ளியியல் நடத்துகிறேன். ஊரில் உள்ளதையெல்லாம் எண்ணிப் பார்க்கச் சொல்லித் தருகிறவள் தன் வகுப்பை எண்ண மாட்டாளா? பெயர் கொடுத்துவிட்டேன்.

என் கேள்வி இது: நான் வகுப்பில் எதைக் கேட்டாலும் பிள்ளைகள் ஏன் வாயே திறப்பதில்லை? கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறார்கள். கேட்டுவிட்டுப் பத்து விநாடியாவது பொறுத்துப் பார்க்கிறேன், ஒன்றும் வராது. காரணம் கைபேசி. ஆராய்ச்சி முடிவில் நீயும் அதைத்தான் சொல்வாய், பார்.

என் மகளும் இந்த வருடம் அதே வகுப்பில்தான், மூன்றாவது வரிசை. வீட்டில் அம்மா, அங்கே மேடம். நல்ல கூத்து.

உன் நலம் நாடும்
அக்கா


ஆகஸ்ட் 29

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று வகுப்புகளின் காணொளி வந்து சேர்ந்தது. அக்காள் தம்பி என்று நாளைக்கு யாரும் பேசக்கூடாது, போதாததற்கு உன் மகளும் அதே வகுப்பில் இருக்கிறாள். அதனால் நான் தொடவில்லை, என்னோடு வேலை செய்யும் அம்மாள்தான் எண்ணினார்.

மொத்தம் நூற்று நாற்பது கேள்விகள் கேட்டிருக்கிறாய். நூற்று முப்பத்தொன்றுக்கு நீயே பதில் சொல்லிவிட்டாய். பிள்ளைகள் சொன்னது ஒன்பது. கேள்வி முடிந்ததற்கும் நீ மறுபடி பேசத் தொடங்கியதற்கும் நடுவில் சராசரி முக்கால் விநாடி.

கோபப்படாதே. அடுத்து, விருப்பமுள்ள மாணவர்களை அதே அம்மாள் தனியாகச் சந்தித்துப் பேசுவார். பெயர் கிடையாது, எண் மட்டும்தான். பரீட்சை மதிப்பெண்ணை நீ கணினியில் ஏற்றிய பிறகுதான் அந்தப் பேட்டிகள் உன் கைக்கு வரும். யார் எந்த எண் என்று தேடக்கூடாது, யாரையும் கேட்கக்கூடாது. அதற்குத்தான் கையெழுத்து வாங்கினோம்.

அன்புடன்
தம்பி


செப்டம்பர் 6

தம்பி,

உங்கள் அம்மாளுக்கு எண்ணத் தெரியவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். மகளுடைய ஸ்டாப்வாட்சை எடுத்து நானே உட்கார்ந்தேன். ஐந்து தடவை பார்த்தேன்.

"சராசரிக்கும் இடைநிலைக்கும் என்ன வித்தியாசம்?" என்று திரையில் அந்தப் பொம்பளை, நான்தான், கேட்கிறாள். கேட்ட வாயை மூடவில்லை, பதிலையும் கொட்டிவிடுகிறாள். இரண்டாவது வரிசையில் ஒரு பையன் மீன் மாதிரி வாயைத் திறந்து, திறந்த வேகத்திலேயே மூடிக்கொள்கிறான். இத்தனை வருடத்தில் அப்படி ஒரு வாயை நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லையே! தூக்கிவாரிப் போட்டது எனக்கு.

பத்து விநாடி பொறுத்தேன் என்று சத்தியம் செய்திருப்பேன். அந்தப் பத்து விநாடி எங்கே போயிற்று? என் மண்டைக்குள் மட்டும் ஓடியிருக்கிறது, வேறெங்கே.

ஒரு வாரமாகக் கரும்பலகைப் பக்கம் திரும்பவே கூச்சமாக இருக்கிறது. மிச்சத்தையும் செய்யுங்கள். பாதியில் விட்டு ஓடுகிற ஆள் இல்லை நான்.

அக்கா


டிசம்பர் 15

தம்பி,

பதினொரு பேட்டிகளும் வந்தன. ஏழாம் எண்ணைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். உன்னிடம் நகல் இருந்தாலும் நானே எழுதுகிறேன்.

"மேடம் கேள்வி கேப்பாங்க. நான் மனசுக்குள்ள பதிலைக் கோத்து எடுக்கறதுக்குள்ள அவங்களே சொல்லிடுவாங்க. முதல்ல ரொம்ப வேகமா யோசிச்சுப் பார்த்தேன். அப்புறம் யோசிக்கறதையே விட்டுட்டேன். பேனா மூடியைக் கழட்டிக் கழட்டி மாட்டிக்கிட்டு இருப்பேன். வீட்லயும் எனக்கு இதே கதைதான். வேற துறைக்குப் போயிடலாம்னு இருக்கேன். வீட்ல இன்னும் சொல்லல. சொல்ல விட்டாத்தானே?"

பேனா மூடி! சாப்பாட்டு மேஜையில் அந்த டக் டக் சத்தத்துக்கு எத்தனை தடவை கத்தியிருப்பேன்? ஏழாம் எண் என் மகளா? ஆமாம், அவளேதான். நீ சொல்ல மாட்டாய், உனக்குச் சட்டம் பெரிது. ஞாயிற்றுக்கிழமை நானே அவளைக் கேட்கப்போகிறேன்.

அக்கா


டிசம்பர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

கேட்காதே. ஏழாம் எண் யார் என்று எனக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டேன். நீ கேட்டுவிட்டால் உன் ஆராய்ச்சியை என் கையாலேயே மூட வேண்டியிருக்கும். இங்கே எதைச் சொன்னாலும், சொன்னது யார் என்று அம்மாவுக்கோ மேடத்துக்கோ தெரியாது என்று நம்பித்தான் அந்தப் பிள்ளை வாயைத் திறந்தது.

பேனா மூடியைக் கழற்றி மாட்டுகிற பிள்ளை ஒன்றுதானா இருக்கிறது? ஒற்றை ஆளை வைத்து முடிவு கட்டாதே என்பது உன் பாடத்தின் முதல் பக்கம் அல்லவா?

இன்னொன்று. முதல் கடிதத்தில் என்னை ஒரு கேள்வி கேட்டு, நீயே பதிலும் எழுதியிருந்தாய். அந்தப் பதில் தப்பு அக்கா. நான் வீட்டுக்கு வராததற்குக் காரணம் வேலை அல்ல. போனில் சொல்ல நாலைந்து தடவை வாயெடுத்திருக்கிறேன்.

தம்பி


டிசம்பர் 23

அன்புள்ள தம்பிக்கு,

எப்படி இருக்கிறாய்?

கேட்டுவிட்டேன். உன் கடிதம் சனிக்கிழமையே வந்துவிட்டது, படித்துவிட்டுத்தான் கேட்டேன். அதனால் தப்பு முழுக்க என் மேல்.

காலையில் காப்பியோடு உட்கார்ந்திருந்தாள். "ஏழாம் எண் நீதானே?" என்றேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. "சொல்லு, நான் ஒண்ணும் திட்ட மாட்டேன், எனக்குத் தெரியும்" என்று நாக்கு நுனி வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். சமையலறைக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பத்தொரு விநாடி. பிரசவ வலிகூட அவ்வளவு நீளமாகத் தெரியவில்லை தம்பி.

"நான் பேட்டிக்கே போகலம்மா. கேட்டாங்க, மாட்டேன்னுட்டேன்."

அப்பாடா என்று இருந்தது. வழக்கம்போல் பாதி எழுந்துவிட்டேன். அவள் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினாள். உட்கார்ந்தேன்.

"ஆனா துறை மாத்திக்க எழுதிக் குடுத்து ஒரு மாசம் ஆச்சு. கிடைச்சிருச்சு. அம்மாகிட்ட நானே சொல்றேன்னு துறைத் தலைவர்கிட்ட கெஞ்சிக் கேட்டுக்கிட்டேன். மூணு தடவை உன்கிட்ட வந்தேன். 'அம்மா, ஒண்ணு...'ன்னு ஆரம்பிச்சா, 'தலைவலியா? இந்தா மாத்திரை'ன்னு கையில குடுத்துட்டே. மூணு மாத்திரையும் என் மேஜை டிராயர்ல அப்படியே இருக்கு."

போய்த் திறந்து பார்த்தேன். இருக்கின்றன.

அப்படியானால் ஏழாம் எண் வேறு யாரோ வீட்டுப் பிள்ளை. அதுவும் போகப்போகிறது. ஒருத்தியைத் தேடிப் போனவளுக்கு இரண்டு பேர் கிடைத்திருக்கிறார்கள்.

எந்தத் துறை என்று கேட்டேன். பதினெட்டு விநாடி. மண்ணியல் என்றாள். மண்ணைப் பற்றி அரை மணி நேரம் பேசினாள். அவளுக்கு அவ்வளவு பேச வரும் என்று எனக்குத் தெரியாது.

என் ஆராய்ச்சியை மூடிவிடு. உன் சக ஊழியரிடம் நான் வாக்குத் தவறியதைச் சொல்லி மன்னிப்புக் கேள். அந்தப் பதினொரு பேட்டிகளையும் உறையில் போட்டு ஒட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

நாலு வருடமாக நீ ஏன் வீட்டுப் பக்கம் வரவில்லை?

அக்கா