குடிலுக்கு வந்த பசு

அப்பா,

சாலைக் கடைகளில் பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரம் எதுவும் பிடிக்காமல், சவுக்குக் கிளை ஒன்றை வாங்கி வந்து பலூன் கட்டினோம். மரத்தடிக் குடிலில் வைக்கப் பசு பொம்மைதான் கிடைக்கவில்லை. அம்மாவிடம் போனில் புலம்பினேன்.

இன்று எங்கள் கேட்டில் ஒரு பை தொங்கியது. உள்ளே நம் கொலுப் பசு! உடைந்த கொம்பை யாரோ புதிதாக ஒட்டியிருக்கிறார்கள்.

"நான் அனுப்பலடி, பரண்ல ஏற எனக்கு முழங்கால் ஏது?" என்கிறாள் அம்மா.

அப்படியென்றால் ஏறியது யார்? கிறிஸ்தவனைக் கட்டியவள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்ற நீங்களா? அது வெறும் சாதித் திமிர். இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

பசுவைக் குடிலில் வைத்துவிட்டு உங்கள் மருமகன் சிபின் தன் மலையாளத் தமிழில் கேட்கிறான்: "அப்பா வந்தா காபி குடிக்குமோ?"

எனக்கும் அதுதான் தெரிய வேண்டும். குடிப்பீர்களா?

உங்கள் மகள்